அன்றாட இன்பம்

உலகிற் பிறந்த உயிர்கள் யாவும் இன்பத்தையே விழைகின்றன. துன்பத்தை விரும்பித் தேடுவார் எவரும் இலர். ஆயினும், மக்கள் இன்பத்தைத் தேடுகின்ற முறையை உற்று நோக்கின் வியப்பே மேலிடுகின்றது. பள்ளியிற் பயிலும் சிறுவன், 'கல்லூரியிற் புகுந்தால் இன்பம்' என்கின்றான். கல்லூரி மாணவன், 'பட்டம் பெற்றால் இன்பம்' என்கின்றான். பட்டம் பெற்றவன் உத்தியோகத்தை நோக்கி நிற்கின்றான். உத்தியோகம் பெற்றவன் மணவாழ்க்கையை எதிர்பார்க்கின்றான். மணந்தவன் மக்கட்பேற்றையும், மக்களைப் பெற்றவன் அம்மக்கள் பட்டம் பெறும் நாளையும் எண்ணிக் காலங் கழிக்கின்றான். இறுதியில் ஓய்வு பெற்றுச் சாய்வு நாற்காலியில் அமர்ந்த முதியவரை அணுகி, 'ஐயா, தாங்கள் இன்பமாய் வாழ்ந்த காலம் எது?' என்று வினவின், அவர் பெருமூச்செறிந்து, 'அது நான் கல்லூரியிற் பயின்ற காலமன்றோ!' என விடையிறுக்கின்றார். நேற்றுவரை முன்னே இருந்த இன்பம் இன்று பின்னே போய்விட்டது. இடையில் அஃது எந்நாளில் எவ்வீட்டில் தங்கியிருந்தது என்பதை மட்டும் அவர் அறிந்திலர்.

இவ்விதழைக் கையிலேந்தும் பழைய மாணவர் இதனைப் படித்துப் புன்முறுவல் பூப்பர். இன்றைய மாணவரோ, 'இஃது எமக்கன்று' எனப் பக்கத்தைப் புரட்டவுங் கூடும். அவர்களை நோக்கியே யாம் இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம். இன்பம் என்று யாம் ஈண்டுக் குறிப்பது துறவோர் நாடும் பேரின்பம் அன்று. ஐம்புலன்களின் பின்னே ஓடிப் பெறும் களிப்பும் அன்று. காலையில் எழுங்கால் அந்நாளை முகமலர்ந்து ஏற்கும் மனமும், இரவிற் படுக்கைக்குச் செல்லுங்கால் அந்நாளைக் குறித்துக் கசப்பில்லாத மனமும் வாய்க்கப்பெறின், அதுவே அன்றாட இன்பம். இதனைப் பெறுதற்கு மூன்று துணைகள் உள. இசை ஒன்று, நகை ஒன்று, புத்தர் பெருமானின் அறவுரை ஒன்று. இவை வேலை முடிந்தபின் நுகர்தற்குரியவை என்பது பலர் எண்ணம். வேலை செய்தற்கே இவை வேண்டும் என்பதும், முன்னிரண்டும் அளவிறந்து கெடாதவாறு காப்பது மூன்றாவது என்பதும் எம் கருத்து.

'கிறிஸ்தவக் கல்லூரியின் இதழில் புத்தருக்கு என்ன வேலை?' என்று வினவுவார் உளராயின், அவர்க்கு விடை கூறுதல் எம் கடன். தமிழ் கற்போர் எவரும் புத்த சமயத்திற்குக் கடன்பட்டவரே. சாத்தனாரின் மணிமேகலை அச்சமயத்தின் அருளறத்தையே பாடுகின்றது, அதனை உ. வே. சாமிநாதையர் 1898-ம் ஆண்டில் அச்சிட்டு உதவினார். வீரசோழியம் என்னும் இலக்கணத்தை இயற்றிய புத்தமித்திரரும் பௌத்தரே. நாகப்பட்டினத்தில் இராசராச சோழன் காலத்தில் சூடாமணி விகாரம் எழுந்தது. அவ்வூரில் பழைய பௌத்தக் கோயில்களின் எச்சமாய் நெடுங்காலம் நின்ற செங்கற் கோபுரம் ஒன்று, 1867-ம் ஆண்டில், கிறிஸ்தவத் துறவியர் தம் கல்லூரிக் கட்டடத்தின் பொருட்டு விடுத்த வேண்டுகோளின்படி, அரசாங்கத்தின் இசைவுடன் இடிக்கப்பட்டது. ஒரு கல்லூரிக்காக இடிந்த கோபுரத்தை மீண்டும் எழுப்புதல் நம்மால் இயலாது. அக்கோபுரத்தில் முன்னாளில் ஓதப்பெற்ற அறவுரையை நம் கல்லூரிகளில் மதிப்புடன் கற்றல் இயலும். பிறர் வீட்டு விளக்கொளியில் நம் புத்தகத்தைப் படித்தலால் நம் புத்தகம் மாறிவிடுவதில்லை.

மற்றொரு தடையும் எழும். 'எல்லாம் துன்பம் என்று கூறியவர் புத்தர். அவரிடம் இன்பத்திற்கு வழி கேட்பது, பாலைநிலத்தில் மீன் பிடிக்கச் செல்வது போலாகாதோ?' என்பர். புத்தர் துன்பத்தைக் கூறியது உண்மையே. எனினும் அவர் துன்பம் என்று கூறி நின்றாரில்லை. துன்பத்தின் காரணத்தையும், அதன் நீக்கத்தையும், நீக்கும் நெறியையும் உடன் கூறினார். நோயை ஆராய்ந்து அறியாத மருத்துவரிடம் யாரே மருந்து உண்பார்? தம்மபதத்தின் இருபத்தாறு வகுப்புகளுள் பதினைந்தாவது 'சுக வக்கம்' எனப் பெயர் பெறும். அஃது இன்பத்தைப் பற்றியதே.

இசை

சம்பா நகரத்துச் செல்வக் குடியிற் பிறந்த சோணன் என்னும் இளைஞனின் வரலாறு பௌத்த நூல்களிற் காணப்படுகின்றது. மண்ணை மிதித்தறியாத மெல்லடிகளை உடையவன் அவன். புத்தரிடம் துறவு பூண்டபின், விரைந்து வீடுபேறு எய்தக் கருதி, ஊணும் உறக்கமுங் குறைத்து, இராசகிருகத்துக்கு அருகில் உள்ள வனத்தில் இடைவிடாது உலாவித் தியானம் செய்தான். அடிகள் வெடித்து, அவன் நடந்த பாதை குருதியால் நனைந்தது. கருதியது கைகூடவில்லை. 'என்னைவிட முயன்றார் எவர்? ஆயினும் பயனில்லை, வீட்டிற்கே திரும்புவேன்' என்று சோர்ந்தான். அப்பொழுது புத்தர் அவனிடம் வந்து, 'சோண, நீ வீட்டில் இருந்த காலத்தில் வீணை வாசிப்பதில் வல்லவனாய் இருந்தாயன்றோ?' என்று வினவினார். நரம்பை மிக முறுக்கினால் வீணை இசைக்குமோ என்றார், இசையாது என்றான். மிகத் தளர்த்தினால் இசைக்குமோ என்றார். அப்பொழுதும் இசையாது என்றான். முறுக்கமும் தளர்ச்சியுமின்றி அளவாய் அமைந்தபொழுதே இசைக்கும் என்பதை அவன் வாயாலேயே கூறுவித்து, முயற்சியும் அத்தகையதே என்று உணர்த்திச் சென்றார்.

இவ்வரலாற்றைப் பங்குனி சித்திரையில் நம் விடுதிகளுட் புகுந்து பார்ப்போர் எளிதில் உணர்வர். ஆண்டு முழுதும் நரம்பைத் தளரவிட்ட மாணவன், பரீட்சைக்கு முந்திய பதினைந்து நாளில் அதனை முறுக்கத் தொடங்குகின்றான். இரவு இரண்டு மணிக்கும் விளக்கு எரிகின்றது. கண் சிவக்கின்றது, படித்த வரியே மீண்டும் மீண்டும் படிக்கப்படுகின்றது, பக்கத்து அறையில் எவனேனும் மெல்லப் பாடினால் கதவைத் தட்டிச் சண்டையிடுகின்றான். சோணனுக்காவது குருதி பாதையில் தெரிந்தது. இவனுக்கு அது வெளியே தெரிவதில்லை. வேறுபாடு அவ்வளவே. இவனுக்கு வேண்டுவது மேலும் ஒரு மணி நேர விழிப்பன்று; அரைமணி நேரம் மரத்தடியில் அமர்ந்து நண்பருடன் ஒரு பாட்டைப் பாடிவிட்டு உறங்கச் செல்வதே. சுருதி கூட்டுதற்குச் செலவாகும் நேரத்தைக் கச்சேரிக்கு நட்டமென்று எண்ணும் பாடகர் எவரும் இலர்.

துறவோர்க்கு ஆடல் பாடல் ஆகா என்று விலக்கிய புத்தரே, நல்லிசையை நல்லிசையென்று பாராட்டவும் செய்தார். தீக நிகாயத்தில் இதற்கொரு சான்று உண்டு. தேவர்கோன் புத்தரைக் காண விழைந்து, பஞ்சசிகன் என்னும் கந்தருவனை முன்னே அனுப்புகின்றான். அவன் குகையின் வாயிலில் நின்று வீணை மீட்டிப் பாடுகின்றான். அவன் பாடியதோ, தான் காதலித்த நங்கையைக் குறித்த பாட்டு! தியானத்திலிருந்த பெருமான் சினந்தாரில்லை. யாழின் ஒலியும் மிடற்றின் ஒலியும் ஒன்றையொன்று மேற்படாது இயைந்தனவென்று பாராட்டி, அப்பாட்டு எப்பொழுது இயற்றப்பெற்றது என்றும் உசாவினார். துறவின் உச்சியில் நின்றவர்க்கு ஓர் இளைஞனின் காதற்பாட்டைப் பொறுமையுடன் கேட்டு, அதன் இயைபை வியக்கும் மனம் இருந்தது. பக்கத்து அறைப் பாட்டைப் பொறாத நாம் இதனை நினைத்தல் நன்று.

நம் திருமறையிலும் இசையின் பயன் கூறப்படாமலில்லை. சவுல் அரசனைக் கலக்கம் பற்றிய காலத்துத் தாவீது சுரமண்டலம் வாசிக்க, அவன் ஆறுதல் அடைந்தான். பவுலும் சீலாவும் பிலிப்பி நகரத்துச் சிறையில், கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டிருக்க, நள்ளிரவிற் பாடினர். பின்னாளில் அப்பிலிப்பியர்க்கே பவுல் அடிகள் மற்றொரு சிறையிலிருந்து எழுதிய நிருபம் மகிழ்ச்சியைப் பற்றியே மீண்டும் மீண்டும் பேசுகின்றது. இவர்கள் விடுதலை பெற்றபின் மகிழலாம் என்று காத்திருந்தவர்கள் அல்லர்.

தமிழ்நாட்டில் ஏற்றம் இறைத்த காலத்தில் ஏற்றப்பாட்டு இருந்தது. நாற்று நடும் மகளிர்க்கு நடவுப்பாட்டும், ஓடம் வலிப்போர்க்கு ஓடப்பாட்டும், குழந்தையை உறங்கச் செய்யும் தாய்க்குத் தாலாட்டும் இருந்தன. இவற்றுள் ஒன்றேனும் வேலை முடிந்தபின் பாடப்பட்டதன்று. பாட்டு வேலையின் உள்ளேயே இருந்தது; ஆதலின் இன்பமும் வேலையின் உள்ளேயே இருந்தது. இக்காலத்தில் பொத்தானை அழுத்தினால் உலகத்துப் பாட்டெல்லாம் நம் செவியில் வந்து விழுகின்றது. இஃது ஒரு பெருநலமே. ஆயினும், ஒரே அறையில் நால்வர் தனித்தனியே செவியை அடைத்துக்கொண்டு நால்வகைப் பாட்டைக் கேட்டுக் கிடத்தலினும், நால்வருஞ் சேர்ந்து ஒரு பாட்டைச் சற்றே தவறாகப் பாடுதல் மிகுந்த இன்பந் தரும் என்று யாம் துணிந்து கூறுவோம். பிறர் குரலுக்கு நம் குரலை இசைவித்தற்கு, முதலில் பிறர் குரலைக் கேட்டல் வேண்டும். அக்கேட்டலே நற்பண்பின் தொடக்கம்.

தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் மருத்துவத் தொழிலைச் செய்துகொண்டே தமிழிசையை ஆராய்ந்து, 1917-ம் ஆண்டில் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். இசை மாநாடுகளும் கூட்டினார். 'எனக்கு ஓய்வில்லை' என்று கூறும் நம்மவர் இவரை எண்ணிப் பார்ப்பாராக. நாள் முழுதும் நோயாளரின் துயர் கேட்ட செவிக்கு நுண்ணிய சுருதிகளையும் கேட்க இடமிருந்தது.

நகை

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு எனக் கூறினார். அவற்றுள் முதலாவது நகை, இறுதியாவது உவகை. இடையே அழுகையும், இளிவரலும், மருட்கையும், அச்சமும், பெருமிதமும், வெகுளியும் நிற்கின்றன. ஆசிரியர் எக்கருத்தினால் இவ்வாறு வைத்தாரோ, அதனை உரையாசிரியர்கள் ஆராய்க. எமக்குத் தோன்றுவது இது: வாழ்க்கையில் அழுகையும் அச்சமும் வெகுளியும் வரவே செய்யும், நகையோடு புறப்பட்டவன் அவற்றைக் கடந்து உவகையிற் சென்று சேர்வான். இடுக்கணை எதிர்கொள்ள வள்ளுவர் கூறிய முதல் மருந்தும் நகையே.

நம்மைப் போன்ற கல்லூரிகளில் நகைச்சுவைக்கு இடமில்லை என்று எண்ணுவோர், வீரமாமுனிவரை மறந்தவராவர். இத்தாலி நாட்டிலிருந்து சமயப்பணிக்காக வந்த அத்துறவி, தேம்பாவணி பாடிய அதே கையாற் பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். அக்கதை 1822-ம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சாயிற்று. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் சீடர் ஐவரும் குருவுடன் ஆற்றைக் கடக்கின்றனர். ஆறு விழித்திருக்கின்றதோ உறங்குகின்றதோ என்று கொள்ளிக்கட்டையால் சோதித்த அறிவாளிகள் அவர்கள்! கரையேறியபின் ஒருவன் எண்ணுகின்றான். தன்னை விட்டு எண்ணியதால் ஐவரே உளர். மற்றொருவன் எண்ணினும் ஐவரே. 'ஐயோ, ஆறு ஒருவரை விழுங்கிற்றே!' என்று அனைவரும் அலறுகின்றனர். வழிப்போக்கன் ஒருவன், காணாமற் போனவரை வருவித்துத் தருவதாகப் பொருள் பேசி, அவர்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் முதுகிலும் கோலால் ஓரடி கொடுத்து எண்ணுவிக்கின்றான். கணக்கு ஆறாகின்றது. அடியும் பட்டுப் பொருளும் இழந்து, அவர்கள் பெருமகிழ்வெய்துகின்றனர்.

இதனைப் படித்துச் சிரியாதார் இலர். சிரித்து முடிந்தபின் சற்றே அமைதியாய் எண்ணுவோமாயின், அச்சீடர் நமக்கு உறவினராய்த் தோன்றுவர். பிறர் குற்றங்களை எண்ணுங்கால் நாம் நம்மை விட்டே எண்ணுகின்றோம். பிறர் பெற்ற நலங்களை எண்ணுங்கால் நாம் பெற்றதை விட்டே எண்ணுகின்றோம். 'அவனுக்குச் செல்வம், இவனுக்கு அறிவு, உவனுக்கு அழகு; எனக்கு யாதுமில்லை' என்று கரையில் நின்று அலறுகின்றோம். ஆறு எவரையும் விழுங்கவில்லை. எண்ணுபவன் தன்னை எண்ண மறந்தான், அவ்வளவே. தன்னையே நோக்கிச் சிரிக்கக் கற்றவனுக்கு வழிப்போக்கனின் கோல் வேண்டுவதில்லை.

மாயூரம் வேதநாயகம் பிள்ளை அவர்கள் முன்சீப் உத்தியோகம் பார்த்தவர். நீதிமன்றத்தில் நாள்தோறும் மக்களின் பொய்யும் பகையும் பேராசையும் கண்டவர். அவர் உலகத்தை வெறுத்திருப்பின் எவரும் வியந்திரார். அவரோ 1878-ம் ஆண்டில் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளையும், அடுத்த ஆண்டில் தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தையும் வெளியிட்டார். முன்னது எல்லாச் சமயத்தாரும் பாடுதற்குரிய இசை. பின்னது நகைச்சுவைக் கதைகள் நிரம்பிய அறநூல். கிறிஸ்தவர் ஒருவர் இசையையும் நகையையும் இரு கைகளிற் பற்றி எல்லாச் சமயத்தாரோடும் உறவாடி வாழ்ந்தார். நமக்கு இவரினும் அணிமையான வழிகாட்டி வேண்டுமோ?

இனி, நகையின் மறுபுறத்தையும் கூறாது விடுதல் நேர்மையன்று. தொல்காப்பியர் நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கென்று கூறி, எள்ளலை முதலில் வைத்தார். எள்ளலாவது பிறரை இகழ்தல். நம் விடுதிகளில் எழும் சிரிப்பொலியில் எவ்வளவு பங்கு இவ்வகையினது என்பதை மாணவர் தம் நெஞ்சைத் தொட்டுக் கூறுவாராக. பேசுங்கால் திக்குபவன் ஒருவன். கரிய நிறத்தவன் ஒருவன். ஒரே சட்டையைத் துவைத்துத் துவைத்து உடுத்துவோன் ஒருவன். ஆங்கிலச் சொல்லொன்றைக் கிராமத்து வழக்கிற் கூறிவிட்டவன் ஒருவன். இவர்களுக்குப் பட்டப்பெயர் சூட்டி உணவுக்கூடத்தில் உரக்கச் சிரிக்கின்றோம். அவனும் உடன் சிரிக்கின்றான். சிரியாவிடின் 'இவனுக்கு நகைச்சுவை இல்லை' என்னும் பழியும் வருமன்றோ? இரவில் விளக்கணைந்தபின் அவன் சிரிப்பதில்லை. ஒருவன் தலையணையை நனைத்துப் பெற்ற சிரிப்பு நூறுபேருக்கு மகிழ்ச்சி அளித்ததாயினும், அதனை இன்பம் என்னும் பெயரால் அழைக்க யாம் உடன்படோம்.

இதுபற்றிப் புத்தர் கூறிய விடை கடுமையானது. தாலபுடன் என்னும் கூத்தர் தலைவன் அவரை அணுகி, 'மக்களைச் சிரிக்கவும் மகிழவும் செய்யும் கூத்தர், இறந்தபின் சிரிக்கும் தேவர்களிடையே பிறப்பர் என்று எம் முன்னோர் கூறுவர். தாங்கள் என்ன கூறுகின்றீர்கள்?' என்று வினவினான். 'அதனைக் கேளாதே' என்று அவர் இருமுறை தடுத்தார். மூன்றாம் முறையும் வற்புறுத்தவே, தானும் மயங்கிப் பிறர் மனத்திலும் ஆசையையும் பகையையும் மயக்கத்தையும் வளர்ப்பவனுக்கு அத்தேவருலகம் இல்லை என்று உண்மையைக் கூறினார். தாலபுடன் அழுதான், இவ்வளவு காலம் ஏமாற்றப்பட்டேனே என்று அழுதான். பின்னர் அவரிடமே துறவு பூண்டு உயர்நிலை எய்தினான். அவன் பாடல்கள் தேரகாதையில் உள்ளன.

இதனால் புத்தர் நகைச்சுவையையே வெறுத்தார் என்று கொள்ளற்க. சாதகக் கதைகள் ஐந்நூற்று நாற்பத்தேழினுள் சிரிப்பூட்டுவன பல. தந்தையின் வழுக்கைத் தலையில் கொசு ஒன்று அமர்ந்து கடிக்க, அதனைக் கொல்லக் கோடரியை ஓங்கிய மூடமகனின் கதை ஒன்று. கொசு பறந்து தப்பியது. தந்தையின் தலை தப்பவில்லை. ஒரு பரீட்சையில் எண் குறைந்ததற்காக உயிரையே வெறுக்கும் இளைஞர் நம் நாட்டில் ஆண்டுதோறும் உளர். அவர்கள் கொசுவுக்கு எதிரே கோடரியை ஓங்குகின்றனர். அவர்கள் கையைப் பற்றித் தடுத்தற்கு நமக்கு உரிமை உண்டு; கடமையும் உண்டு.

அறவுரை

அவ்விளைஞர்க்கு யாது கூறுவது? இறந்த குழந்தையைத் தோளிற் சுமந்து மருந்து தேடி வந்த கிசாகோதமியிடம், 'இறப்புக் காணாத வீட்டிலிருந்து கடுகு கொண்டு வா' என்று புத்தர் பணித்த வரலாற்றை அனைவரும் அறிவர். அவர் அறிவுரை ஒன்றும் கூறவில்லை. வீடுவீடாகச் சென்று வருமாறு அனுப்பினார். தோற்ற நண்பனை நாமும் அவ்வாறே அறை அறையாக அழைத்துச் செல்லலாம். தோல்வி காணாத மாணவன் எவனேனும் உளனோ என்று கேட்கலாம். ஆசிரியர் வீடுகளுக்கும் செல்லலாம். அவர்களுட் பலர் கதவைச் சாத்திக்கொண்டு, தாம் முன்னொரு காலத்தில் எத்தாளில் எவ்வளவு எண் பெற்றோம் என்பதைத் தாழ்ந்த குரலிற் கூறிச் சிரிப்பர். அச்சிரிப்பைக் கேட்டபின் அவன் தனியனல்லன்.

நாள்தோறும் நம் மனத்தைக் கெடுப்பது பெருந்துன்பங்களைவிடச் சிறு சொற்களே. அதற்கும் ஒரு மருந்து உண்டு. அந்தணர் ஒருவர் புத்தரிடம் வந்து வாய்க்கு வந்தவாறு வைதார். அவர் வைது முடித்தபின் புத்தர், 'உம் வீட்டிற்கு விருந்தினர் வருவதுண்டோ?' என்று வினவினார். 'உண்டு' என்றார். 'நீர் படைத்த உணவை அவர் ஏற்றுக்கொள்ளாவிடின், அஃது எவரைச் சேரும்?' என்றார். 'எம்மையே சேரும்' என்றார். 'நீர் கொண்டுவந்த வசையை யாமும் ஏற்கவில்லை' என்றார் பெருமான். இதில் அறமும் உண்டு; நகையும் உண்டு. வைதவரும் இவ்விடையால் சிறுமையடையவில்லை, இறுதியில் மாணவராயினார். எள்ளலின்றி வெல்லும் நகை இத்தகையது.

பௌத்தர் வளர்த்தற்குரியனவாகக் கூறும் நற்குணங்கள் நான்கு: மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்பன. இவற்றுள் மைத்திரியாகிய அன்பும், கருணையும் எல்லாச் சமயத்தாரும் அறிந்தவை. முதிதை என்பது பிறர் ஆக்கங் கண்டு மகிழ்தல். இதற்குத் தனியே ஒரு பெயரிட்டு, பயிற்சியாகவே வைத்தது அச்சமயத்தின் சிறப்பு. துன்புற்றானுக்கு இரங்குதல் அவ்வளவு அரிதன்று. நண்பன் முதல்வகுப்பில் தேறி, நாம் மூன்றாம் வகுப்பில் நிற்கும் நாளில், அவன் கையைப் பற்றி உள்ளம் ஒப்பி மகிழ்தல் அரிது. முயன்று பார்ப்பின் இதன் பயன் கணக்கிலேயே விளங்கும். தன் நலத்தில் மட்டும் மகிழ்பவனுக்கு ஆண்டில் மகிழும் நாட்கள் சிலவே. வகுப்பில் உள்ள அறுபதின்மர் நலத்திலும் மகிழ வல்லவனுக்கு மகிழாத நாள் அரிது. உபேட்சை என்பது ஏற்றத்திலும் இறக்கத்திலும் நிலைகுலையாமை. சோணனுக்குக் கூறிய சுருதி அதுவே.

வாரணாசியில் முதல் அறவுரையை நிகழ்த்தியபின் புத்தர் உருவேலைக்குச் செல்லும் வழியில் ஒரு சோலையில் அமர்ந்திருந்தார். முப்பது இளைஞர் தத்தம் மனைவியருடன் அங்கே களிக்க வந்தனர். மனைவி இல்லாத ஒருவனுக்காக அழைத்துவந்த கணிகை, அவர்கள் களிப்பில் மயங்கியிருக்கையில் பொருள்களைக் கவர்ந்து ஓடினாள். அவளைத் தேடி ஓடியவர்கள் பெருமானைக் கண்டு, 'பெண்ணொருத்தி இவ்வழியே செல்லக் கண்டீரோ?' என்றனர். 'இளைஞர்களே, அவளைத் தேடுதல் நன்றோ, உங்களைத் தேடுதல் நன்றோ?' என்றார் அவர். அவர்கள் அமர்ந்து கேட்டனர். பரமார்த்த குருவின் சீடர்க்கு அடியினால் விளங்கியது, இவர்களுக்கு ஒரு வினாவினால் விளங்கிற்று. இத்தாலியத் துறவியின் நகைக்கதையும் சாக்கிய முனிவரின் அறவுரையும் ஓரிடத்தில் வந்து கூடுகின்றன: தேடுபவன் தன்னை மறந்து தேடுகின்றான்.

இக்கூறியவற்றால் மூன்றும் ஒன்றையொன்று வேண்டி நிற்றல் விளங்கும். அறவுரையில்லாத இசை செவிக்குக் கள்ளாகும்; அறவுரையில்லாத நகை பிறர்க்கு முள்ளாகும். இசையும் நகையும் இல்லாத அறவுரையோ, சுவரில் மாட்டிய வாசகமாய்த் தூசியடைந்து தொங்கும். ஆதலின், மாணவத் தோழர்களே, பெரிய விரதம் எதனையும் பூணுமாறு யாம் உங்களை வேண்டவில்லை. நாள்தோறும் மாலையில் கால்மணி நேரமாவது பிறரோடு கூடிப் பாடுங்கள்; குரல் நன்றாயிருத்தல் வேண்டுமென்பதில்லை. இரவிற் படுக்குமுன், அன்று நீங்கள் செய்த பேதைமை ஒன்றை நினைந்து சிரியுங்கள்; பிறர் பேதைமையை நினையாதிருங்கள். ஒரு நாளில் ஒருவருடைய ஆக்கத்தையாவது கண்டு, அவரிடமே சென்று மகிழ்ச்சி தெரிவியுங்கள். சட்டை ஒன்றே உடையவனுக்குச் சூட்டிய பட்டப்பெயரை இன்றோடு கைவிடுங்கள்.

கச்சேரி மேடையிற் பாடகரின் பின்னே ஒருவர் அமர்ந்து தம்புராவை மீட்டிக்கொண்டிருப்பார். அவர் கீர்த்தனை எதனையும் பாடுவதில்லை. அவர் பெயரைக் கேட்டுச் செல்வார் அரியர். ஆயினும் அவ்வொலி நின்றால் பாடகர் திகைப்பார். அன்றாட இன்பம் அத்தம்புராவை ஒத்தது. பட்டமும், உத்தியோகமும், மணமும், மக்களும் அதன்மேற் பாடப்படும் பாட்டுகள். சுருதி சேர்ந்திருப்பின் எப்பாட்டும் இனிக்கும். நம் கல்லூரியில் பயிலும் காலத்திலேயே அச்சுருதியைக் கூட்டிக்கொள்வோமாக. பல்லாண்டு கழித்துச் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்குங்கால், 'இன்பமாய் வாழ்ந்த காலம் எது?' என்று எவரேனும் வினவினால், 'இன்று காலையும்தான்' என்று கூறும் பேறு நம் அனைவர்க்கும் வாய்ப்பதாக.